ஆட்டம் முடிந்ததும் ரேட்டிங் சொல்லும் செஸ் செயலிகள்: அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்?

ஒற்றை ஆட்டத்தை அலசிவிட்டு "நீங்கள் 1850 போல ஆடினீர்கள்" என்று, ஆட்ட பலத்தைக் காட்டும் ரேட்டிங் எண்ணைச் சொல்லும் வசதிக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். பல ஆட்டங்களின் வெற்றி தோல்வியை வைத்து மெல்லக் கட்டப்படும் இணைய ரேட்டிங்குக்கு நான்கு. சதுரங்கம் ஆடும் கணினி நிரலான எஞ்சினின் பலத்தை இத்தனை எலோ (ரேட்டிங் புள்ளி) என்று குறைத்து வைத்துவிட்டு, அதை ஜெயித்துப் பார்த்து நம் பலத்தைக் கணிக்கும் முறைக்கு ஒன்றரை. காரணம் கீழே.

சிங்கப்பூரில் இது வெறும் ஆர்வக் கேள்வி இல்லை. சதுரங்கத் திறமையைக் காட்டி நேரடிப் பள்ளிச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும் தொடக்கநிலை 6 பிள்ளைகளின் பெற்றோர், வாரயிறுதிப் போட்டியில் எந்தப் பிரிவில் பெயர் கொடுப்பது என்று யோசிப்பவர்கள், பயிற்றுநருக்கு மாதாமாதம் வெள்ளியைக் கட்டிவிட்டுப் பிள்ளை முன்னேறுகிறானா என்று பார்ப்பவர்கள் எல்லாரும் முதலில் எட்டிப் பார்ப்பது செயலி காட்டும் எண்ணைத்தான்.

அந்த எண் பிறக்கும் விதத்தைப் பார்க்க லிச்செஸ் என்ற சதுரங்க இணையதளம் வசதியானது. அது தன் துல்லியக் கணக்கை ஒளிவுமறைவில்லாமல் வெளியிட்டிருக்கிறது. எஞ்சின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு மதிப்புப் போடுகிறது. ஒரு சிப்பாய் என்றால் 100 சென்டிபான். அந்த மதிப்பு முதலில் வெற்றி வாய்ப்பு விழுக்காடாக மாறுகிறது. சமநிலை 50. மூன்று சிப்பாய் அளவு பின்தங்கினால் ஏறத்தாழ 25. எட்டுச் சிப்பாய் அளவு பின்தங்கினால் 5. நீங்கள் காயை நகர்த்துவதற்கு முன்பு இருந்த விழுக்காடு, நகர்த்திய பிறகு எவ்வளவு இறங்குகிறதோ அதுதான் உங்கள் பிழை. இறக்கமே இல்லை என்றால் அந்த நகர்வுக்குத் துல்லியம் 100. இறக்கம் 25 என்றால் துல்லியம் 31. இறக்கம் 45 என்றால் வெறும் 11.

இதில் ஒரு நல்ல யோசனை இருக்கிறது. சமநிலையில் மூன்று சிப்பாய் மதிப்பைக் கோட்டைவிட்டால் துல்லியம் 31-க்கு விழுகிறது. ஏற்கெனவே பத்துச் சிப்பாய் முன்னிலையில் இருப்பவர் அதே மூன்றை இழந்து ஏழுக்கு வந்தால் துல்லியம் 81. ஜெயிக்கிற ஆட்டத்தில் சாவகாசமாக ஆடியதற்குப் பெரிய தண்டனை இல்லை. பழைய செயலிகள் காட்டிவந்த 'சராசரி சென்டிபான் இழப்பு' இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. அதனால் அந்தப் பழைய எண்ணை வைத்து ரேட்டிங் ஊகிக்கும் அட்டவணைகள் எதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது, தனித்தனி நகர்வுகளின் துல்லியத்தை ஒரே எண்ணாகச் சேர்ப்பது. இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. 2024 டிசம்பர் 12 அன்று செந்தோசாவில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் 14-ஆவது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக் காய்களோடு ஆடிய டிங் லிரென், ஒரு சிப்பாய் குறைவாக இருந்தும் சமநிலையில் முடிக்கக்கூடிய நிலையைப் பிடித்து வைத்திருந்தார். 55-ஆவது நகர்வில் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்து யானைகளை வெட்டிக்கொள்ள இடம் கொடுத்தார். ஏ8 மூலையில் ஒதுங்கியிருந்த அவருடைய பிஷப்பை குகேஷ் டி5-இல் தன் பிஷப்பை வைத்து மடக்கினார். பிஷப்புகளும் வெட்டுப்பட்டால் மிஞ்சுவது சிப்பாய் ஆட்டம். அதில் கறுப்புக்கு வெற்றி உறுதி. 58 நகர்வில் ஆட்டம் முடிந்தது, 7.5-க்கு 6.5 என்ற கணக்கில் பட்டம் கைமாறியது.

ஒரு பேச்சுக்கு, 58 நகர்வுகளில் 57-க்குத் துல்லியம் 98 என்றும், அந்த ஒன்றுக்கு 11 என்றும் வைத்துக்கொள்வோம். சாதாரணச் சராசரி 96.5 வரும். பட்டத்தைப் பறிகொடுத்த நகர்வு அந்தச் சராசரியில் ஒன்றரைப் புள்ளிக்கு மேல் தடம் பதிக்கவில்லை. பள்ளிக் கணக்கில் படித்த, சிறிய எண்களுக்கு அதிக எடை தரும் இசைச்சராசரியைப் போட்டால் 86 வரும். லிச்செஸ் இந்த இசைச்சராசரியையும், ஆட்டம் தடுமாறும் கட்டங்களுக்குக் கூடுதல் எடை தரும் இன்னொரு சராசரியையும் சேர்த்து, இரண்டுக்கும் நடுவில் ஓர் எண்ணை எடுக்கிறது. புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஆனாலும் 96-ஆ 86-ஆ என்பது சராசரி எடுக்கும் முறையைப் பொறுத்தது என்றால், அந்த எண்ணிலிருந்து எடுக்கும் ரேட்டிங்கும் நூற்றுக்கணக்கில் ஆடும் என்று புரிந்துகொள்ளலாம். லிச்செஸ் துல்லியத்தோடு நிறுத்திக்கொண்டு, ஓர் ஆட்டத்துக்கு ரேட்டிங் என்று எதையும் சொல்வதில்லை. அந்த அடக்கத்துக்காகவே அதற்குக் கூடுதல் மதிப்பெண் தரத் தோன்றுகிறது.

சராசரியைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு: நிலை எவ்வளவு கடினம் என்பதை இந்தக் கணக்கு பார்ப்பதே இல்லை. 2006-இல் ஸ்லோவேனியாவின் மாத்தேய் குயிட், இவான் பிராட்கோ இருவரும் கிராஃப்டி என்ற எஞ்சினை வைத்து உலகச் சாம்பியன்களின் ஆட்டங்களை ஒப்பிட்டார்கள். தொடக்க நகர்வுகளை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு நகர்விலும் எஞ்சினின் தேர்வுக்கும் ஆட்டக்காரரின் தேர்வுக்கும் இடையே எவ்வளவு மதிப்பு நழுவியது என்று அளந்தார்கள். மிகக் குறைந்த பிழை காப்பாபிளாங்காவுக்கு. அவர் எளிய, தெளிவான நிலைகளுக்கு ஆட்டத்தை இட்டுச்செல்பவர்; அந்த நிலைகளில் தவறு செய்யும் வாய்ப்பே குறைவு. ஆய்வாளர்களே இதை உணர்ந்து நிலையின் சிக்கலுக்கு ஒரு தனி அளவும் வைத்தார்கள். நம் கைபேசிச் செயலி அந்த அளவுக்கு மெனக்கெடுவதில்லை.

நடைமுறையில் இதன் விளைவைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டத்திலேயே பார்க்கலாம். நான்கே நகர்வில் ராணியும் பிஷப்பும் சேர்ந்து எஃப்7 கட்டத்தில் மேட் கொடுக்கும் வரிசை எல்லாருக்கும் தெரியும். அப்படி ஜெயித்த பிள்ளைக்கு ஏறத்தாழ முழுத் துல்லியம் கிடைக்கும். அவன் செய்ததெல்லாம், எதிராளி கவனிக்காமல் விட்டதைப் பயன்படுத்திக்கொண்டதுதான். பெர்லின் தற்காப்பு என்ற தொடக்கத்தில் மனப்பாடமான சமநிலை வரிசையை அப்படியே ஆடிக் கைகுலுக்கினாலும் கதை அதேதான். எதிராளி 15-ஆவது நகர்வில் ராணியைத் தூக்கிக்கொடுத்தால், பிறகு வரும் 20 நகர்வுகளும் எதை ஆடினாலும் ஜெயிக்கும் நகர்வுகள். அத்தனைக்கும் 90-க்கு மேல் துல்லியம் குவியும். உங்களைவிட 400 புள்ளி குறைந்தவரை வென்ற ஆட்டத்தில் வரும் உயர்ந்த மதிப்பீடு பெரும்பாலும் எதிராளியின் பலவீனத்தைத்தான் காட்டுகிறது. மாறாக, உங்களைவிடப் பலமானவரோடு 50 நகர்வு மல்லுக்கட்டித் தோற்ற ஆட்டத்தில் எண் குறைவாக வரும். உண்மையில் நீங்கள் நன்றாக ஆடியது அங்கேயாக இருக்கலாம்.

செஸ்.காம் என்ற இணையதளம் ஆட்ட மதிப்பாய்வின் கடைசியில் தரும் ரேட்டிங்தான் இங்கே அதிகம் பகிரப்படுவது. அதை வைத்து முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஆட்டத்தின் நகர்வுகள் எழுதியிருக்கும் பிஜிஎன் கோப்பை இறக்குங்கள். எந்த எழுத்துத் திருத்தியிலும் திறந்தால் மேலே சதுர அடைப்புக்குள் சில வரிகள் இருக்கும். அவற்றில் இரு தரப்பு எலோவைச் சொல்லும் இரண்டு வரிகளைக் கண்டுபிடியுங்கள். ஒரு பிரதியில் இரண்டையும் 800 ஆக்குங்கள், இன்னொன்றில் 2000 ஆக்குங்கள். நகர்வுகளைத் தொடாதீர்கள். இரண்டையும் தனித்தனியே ஏற்றி மதிப்பாய்வு செய்யுங்கள். இலவசக் கணக்கு என்றால் ஒரே நாளில் இரண்டையும் செய்ய முடியாமல் போகலாம், மறுநாள் தொடருங்கள். எண் அசையாமல் இருந்தால் அது நகர்வுகளிலிருந்து மட்டும் வருகிறது. எண் ஏறி இறங்கினால், ஆட்டக்காரரின் ரேட்டிங்கும் கணக்கில் கலந்திருக்கிறது என்று பொருள்.

அப்படிக் கலப்பது புள்ளியியல்படி தவறு இல்லை. ஓர் ஆட்டத்தில் கிடைக்கும் தகவல் கொஞ்சம்தான். ஏற்கெனவே தெரிந்ததோடு சேர்த்துப் பார்த்தால் ஊகம் மேம்படும். ஆனால் அப்படி வரும் எண்ணைக் காட்டி, "பாருங்கள், என் ரேட்டிங் சரிதான் என்று செயலியே சொல்கிறது" என்று வாதிட முடியாது. கேள்வித்தாளிலேயே விடை எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இந்த வேலையை முறையாகச் செய்பவர் பஃபலோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கென்னத் ரீகன். நகர்வுகளின் தரத்தை மட்டும் வைத்து ரேட்டிங் கணிக்கும் அவருடைய முறை, எஞ்சின் உதவியோடு ஏமாற்றுபவர்களைக் கண்டுபிடிக்கவும் பயன்படுகிறது. அவர் முதல் எட்டு நகர்வுகளைத் தள்ளிவிடுகிறார். ஒரு தரப்பு மூன்று சிப்பாய்க்கு மேல் முன்னிலை பெற்ற நிலைகளையும் தள்ளிவிடுகிறார். ஒவ்வொரு நிலையிலும் பல நகர்வுகளின் மதிப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இன்ன ரேட்டிங்காரர் இன்ன நகர்வைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று பார்க்கிறார். கடைசியில் எண்ணோடு பிழை எல்லையையும் கூடவே சொல்கிறார். பிழை எல்லை இல்லாத ரேட்டிங் மதிப்பீடு பாதி வேலைதான். அதைக் காட்டாத செயலிகளுக்கு இங்கே மதிப்பெண் வெட்டியதற்கு முதல் காரணம் இதுவே.

எஞ்சினை ஜெயித்துப் பார்ப்பது பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சினில் பலத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு 1320 முதல் 3190 வரை ஏற்கும். அந்த எண்கள் 120 விநாடியோடு நகர்வுக்கு ஒரு விநாடி கூடும் நேரக் கட்டுப்பாட்டில், சிசிஆர்எல் என்ற எஞ்சின்களுக்கான பட்டியலோடு பொருத்தி அளவிடப்பட்டவை. அதாவது எஞ்சின்கள் எஞ்சின்களோடு மோதி வந்த எண். உலகச் சதுரங்கச் சம்மேளனமான ஃபிடே மனிதர்களுக்குத் தரும் ரேட்டிங்கோடு அதற்கு நேரடி உறவு இல்லை. நீங்கள் ஒரு நகர்வுக்கு மூன்று நிமிடம் யோசித்து அதை வென்றால் அந்த அளவீட்டின் நிபந்தனையே உடைந்துவிடுகிறது. தவிர, பலம் குறைத்த எஞ்சின் மனிதர் போலப் பிசகுவதில்லை. பத்து நகர்வு கச்சிதமாக ஆடும், திடீரென்று காரணமே இல்லாமல் குதிரையைத் தானம் பண்ணும். அந்தத் தானத்துக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொண்டவர் எண்ணை ஏற்றிக்கொண்டே போவார். நேரில் மேசைக்கு வந்தால் அது கைகொடுக்காது. செஸ்.காமின் பாட்கள் என்ற கணினி எதிராளிகளிடமும் இதே பழக்கம் உருவாகும். 1300 என்று போட்டிருக்கும் நெல்சன் ராணியைச் சீக்கிரமே வெளியே கொண்டுவரும். அதைத் துரத்தும் வழி ஒருமுறை பிடிபட்டால் பிறகு எப்போதும் ஜெயிக்கலாம். அதனால் நீங்கள் 1300 ஆகிவிட மாட்டீர்கள்.

இதில் விதிவிலக்காகச் சொல்லத்தக்கது மாயா என்ற எஞ்சின். லிச்செஸில் மனிதர்கள் ஆடிய ஆட்டங்களை 1100 முதல் 1900 வரை நூறு நூறாகப் பிரித்து, ஒவ்வொரு மட்டத்துக்கும் ஒன்றாக ஒன்பது மாதிரிகளைப் பயிற்றுவித்திருக்கிறார்கள். மனிதர் செய்யும் தவறுகளையே அதுவும் செய்யும் என்பதால் ஆடிப்பார்க்க நல்ல எதிராளி. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: 1100 மாதிரி 1100-ஐவிடப் பலமாகவே ஆடும். அந்த மட்டத்துக்காரர்களில் அதிகம் பேர் தேர்ந்தெடுக்கும் நகர்வை ஆடுவதால், தனித்தனி ஆட்களின் விபரீதப் பிழைகள் அதில் வடிகட்டப்பட்டுவிடுகின்றன. 1100-இடம் தோற்றுவிட்டான் என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

இனி நான்கு நட்சத்திரம் கொடுத்ததற்கு வருவோம். எலோ கணக்கில் 100 புள்ளி உயர்ந்தவர் எதிர்பார்க்கக்கூடியது 64 விழுக்காட்டுப் புள்ளி, 200 என்றால் 76, 400 என்றால் 91. நூறு புள்ளி வித்தியாசம் ஓர் ஆட்டத்தில் 0.14 புள்ளிதான். இதனால், ஒன்பது சுற்றுப் போட்டி ஒன்றின் செயல்திறன் ரேட்டிங் (அந்தப் போட்டியின் முடிவுகளை மட்டும் வைத்துப் போடுவது) கூட இரு பக்கமும் 200 புள்ளி வரை தவறலாம். நூறு ஆட்டம் ஆனால் அந்தத் தவறு 60-க்குப் பக்கம் சுருங்கும். லிச்செஸ் பயன்படுத்தும் கிளிக்கோ-2 முறை இந்தத் தயக்கத்தையும் ஓர் எண்ணாக வைத்திருக்கிறது. உங்கள் பக்கத்தில் ஆட்ட வகையின் பெயரைத் தட்டினால் ரேட்டிங்குக்கு அருகே விலகல் என்று ஒன்று தெரியும். அது 110-ஐத் தாண்டினால் ரேட்டிங் பக்கத்தில் கேள்விக்குறி நிற்கும். 45-க்குக் கீழே அது போகாது. அந்த எண்ணை இரட்டிப்பாக்கினால் கிடைப்பதுதான் பிழை எல்லை: 1700, விலகல் 60 என்றால் 1580-க்கும் 1820-க்கும் இடையே எங்கோ. நேர்மையான விடை இப்படித்தான் இருக்கும்.

இணைய ரேட்டிங்கையும் ஃபிடே ரேட்டிங்கையும் ஒப்பிடும்போது 2024 மார்ச் 1-ஐ மறந்துவிடக் கூடாது. அன்று ஃபிடே தன் அடிமட்டத்தை 1400-க்கு உயர்த்தியது. 2000-க்குக் கீழே இருந்த எல்லாருக்கும், 2000-க்கு எவ்வளவு குறைவோ அதில் 40 விழுக்காட்டை ஒரே தடவையாகக் கூட்டிக்கொடுத்தது. பழைய 1500 புதிய 1700 ஆனது. பழைய 1000 புதிய 1400. அதற்கு முன் அளவிடப்பட்ட எந்தச் செயலியும் 'ஃபிடே அளவில் இத்தனை' என்று சொன்னால், அந்த எண் 2000-க்குக் கீழே இருந்தால் அதை 0.6-ஆல் பெருக்கி 800-ஐக் கூட்டிய பிறகே இன்றைய பட்டியலோடு பொருத்துங்கள். புதிய திருத்தம் செய்த செயலி என்றால் பெருக்க வேண்டாம். எது எப்போது அளவிடப்பட்டது என்பதைச் செயலியின் உதவிப் பக்கத்தில் தேடிப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் ஃபிடே என்ற சொல்லைக் கண்டுகொள்ளாமல் விடுவதே நல்லது.

பிழை எப்போதும் செயலியின் பக்கம்தான் என்றும் இல்லை. 18 வயதுக்குக் கீழ், 2300-க்குக் கீழ் இருப்பவர்களுக்கு ஓர் ஆட்ட முடிவுக்கு ரேட்டிங் எவ்வளவு நகரலாம் என்று தீர்மானிக்கும் மாற்றக் காரணியை ஃபிடே 40 என்று தாராளமாகவே வைத்திருக்கிறது. ஆனாலும் ஆண்டுக்கு இரண்டு மூன்று நீண்ட நேரப் போட்டிகள் மட்டும் ஆடி, மற்ற நாளெல்லாம் இணையத்தில் பழகும் பிள்ளையின் ஃபிடே எண் அவன் பலத்துக்குப் பின்னால்தான் ஓடிவரும். தேர்வுக் காலத்தில் போட்டிகளை விட்டுவிடும் நம் ஊர்ப் பிள்ளைகளிடம் இதை அடிக்கடி பார்க்கலாம்.

உருப்படியான மதிப்பீடு வேண்டுமானால் செய்ய வேண்டியது இது. லிச்செஸில் 30+20 (30 நிமிடம், நகர்வுக்கு 20 விநாடி கூடும்) என்று அமைத்தால் கிளாசிக்கல் வகையில் வரும். நேரம் கிடைக்காவிட்டால் 15+10, அது ரேபிட். மூன்று நிமிட ஆட்டங்களைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். ஃபிடேயின் நீண்ட ஆட்டத்துக்கு ஒருவருக்குக் குறைந்தது 60 நிமிடம் வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள். விலகல் 75-க்குக் கீழே வரும்வரை தெரியாத எதிராளிகளோடு ஆடுங்கள். ஒரே நண்பனோடு திரும்பத் திரும்ப ஆடினால் அவன் ரேட்டிங்கின் கோளாறு உங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதே ஆட்டங்களில் இருபதையாவது எடுத்து, உலாவியில் ஓடும் எஞ்சினை நம்பாமல், சர்வர் பகுப்பாய்வைக் கேளுங்கள். துல்லியம் அதில்தான் வரும். வெவ்வேறு கைபேசிகளில் வெவ்வேறு ஆழத்துக்கு எஞ்சினை ஓடவிட்டு வந்த எண்களை ஒப்பிட்டால் ஒப்பீடு பாழ். 20 நகர்வுக்குக் குறைவான ஆட்டங்களை ஒதுக்கிவிடுங்கள். தோற்றவை, ஜெயித்தவை இரண்டையும் தனித்தனியே பாருங்கள்.

விண்ணப்பப் படிவத்தில் போடுவதற்கு ஃபிடே எண்ணும், போட்டி முடிவுகளும் மட்டும்தான். ஃபிடே ரேட்டிங் இல்லாத பிள்ளைக்கு, சிங்கப்பூர்ச் சதுரங்கச் சம்மேளனம் வழியாக ஃபிடே அடையாள எண் வாங்கி, ரேட்டிங் உள்ளவர்களோடு ஐந்து ஆட்டம் ஆடினால் முதல் எண் வர வாய்ப்புண்டு. அந்தக் கணக்கில் 1800 ரேட்டிங்காரர் இருவரோடு சமன் செய்ததாகக் கற்பனையான இரண்டு ஆட்டங்களையும் ஃபிடே சேர்த்துக்கொள்கிறது. செயலியின் ஒற்றை ஆட்ட ரேட்டிங்கை அச்செடுத்து இணைப்பது தேர்வுக் குழுவுக்கு எதையும் நிரூபிக்காது.

ஒற்றை ஆட்ட மதிப்பீடு முற்றிலும் வீண் என்று தள்ளவும் முடியாது. லூக்காஸ் செஸ் என்ற இலவச மென்பொருள் தொடக்கம், நடு, இறுதி என்று கட்டம் கட்டமாகப் பிரித்துக் காட்டும். மொத்த எண்ணைப் புறக்கணித்துவிட்டு, இருபது ஆட்டங்களில் எந்தக் கட்டத்தின் எண் தொடர்ந்து தாழ்கிறது என்று பார்த்தால், அடுத்த மூன்று மாதம் பயிற்றுநர் எதில் நேரம் செலவிட வேண்டும் என்பதற்கு விடை கிடைக்கும். இறுதிக் கட்டம்தான் பள்ளம் என்று தெரிந்தால், யானை, சிப்பாய் இறுதி ஆட்டங்களிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.